வயித்துப்புண்ணுக்கு சம்பல் மேல பழி போடாதீங்க

வணக்கம் உறவுகளே. ஹட்டன்ல இருந்து பேசுறேன். வெளிய பனி இறங்கிருச்சு, வெளிச்சம் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு வயித்துப்புண்ண பத்தி பேசணும். நம்ம தோட்டத்துல யாருக்கு நெஞ்சுக்குழி எரிஞ்சாலும் ஒரே தீர்ப்புதான்: "கேஸ்ட்ரைட்டிஸ். நேரத்துக்கு சாப்பிடல, கொச்சிக்கா கூடிப்போச்சு." அப்புறம் வீட்டுல சமைக்கிற பொம்பளைக்குத்தான் பேச்சு விழும், சம்பல்ல உறைப்பக் கூட்டிட்டேன்னு.

கொச்சிக்கா புண்ண உண்டாக்காதுங்க. ஏற்கனவே புண் இருந்தா எரிச்சலக் கிளப்பும், அவ்வளவுதான். நேரந்தவறி சாப்பிடுறதும், மனசுக் கவலையும் அப்படித்தான். வலிய கூட்டும், ஆனா அதுதான் காரணம்னு சொல்ல முடியாது. புண் வர்றதுக்கு பெரும்பாலும் ரெண்டு காரணம். ஒன்னு கிருமி. இன்னொன்னு வலிக்குப் போடுற குளிசை.

அந்தக் கிருமிக்குப் பேரு ஹெலிகோபெக்டர் பைலோரி. முன்னாடி டொக்டர்மாரும் சாப்பாடு, கவலை, அமிலம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 1982ல அவுஸ்திரேலியாவுல, பேர்த் நகரத்துல, பெரி மார்ஷல், ரொபின் வொரன்னு ரெண்டு டொக்டர்மார் இந்தக் கிருமிய வளர்த்துக் காட்டினாங்க. யாரும் லேசுல நம்பல. 1984ல மார்ஷல் அந்தக் கிருமி கலந்த தண்ணியத் தானே குடிச்சாரு. கொஞ்ச நாள்ல குமட்டல், வாந்தி. வயித்துக்குள்ள பார்த்தா அழற்சி. 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு கெடச்சிச்சு. இவ்வளவு வருசத்துக்கு அப்புறமும் நாம சம்பலையே திட்டிக்கிட்டு இருக்கோம்ங்கிறதுதான் எனக்கு வருத்தம்.

இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயசுலயே தொத்திக்கும். ஒரே காம்பராவுல நெருக்கமா இருக்க குடும்பங்கள், நல்ல தண்ணியும் மலசலகூட வசதியும் கொறஞ்ச எடங்கள், அங்கதான் கூடுதல். லயத்துல வளந்தவங்களுக்கு இத விளக்கிச் சொல்லத் தேவயில்ல. கிருமி இருக்க எல்லாருக்கும் புண் வராது. வந்தா குணமாக்கலாம். ரெண்டு வகை அன்டிபயோட்டிக், கூட அமிலத்தக் குறைக்கிற குளிசை, பெரும்பாலும் ரெண்டு வாரம். நாலு நாள்ல எரிச்சல் நின்னுருச்சுன்னு பாதியில விட்டுறாதீங்க, கிருமி மிஞ்சிரும், அடுத்த தடவ அந்த மருந்து அதுக்கு வேல செய்யாமலும் போகலாம்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விசயம். இந்தா, கெமராவுக்குப் பக்கத்துல காட்டுறேன் பாருங்க. இது எங்க பெரியம்மா முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த குளிசைக் காட். நாலு குளிசைக்கு வெட்டிக் குடுத்திருக்காங்க. பேர் இருந்த பக்கம் வெட்டுல போயிருச்சு. என்ன குளிசைன்னு கேட்டா "இடுப்பு வலிக்கு"ங்கிறாங்க. விசாரிச்சுப் பார்த்தா டிக்லோஃபெனெக்.

கொழுந்து பறிக்கிற நம்ம அம்மாமாருக்கு இடுப்பும் முழங்காலும் வலிக்காம இருக்குமா? மலை ஏறி இறங்கணும், பாரம் தூக்கணும், கிலோ கொறஞ்சா அரைப்பேர்தான், அரை நாள் சம்பளந்தான் போடுவாங்க. காலைல ஒரு வெறுந்தேத்தண்ணியோட குளிசைய முழுங்கிட்டு மலைக்குப் போறாங்க. டிக்லோஃபெனெக், இபுப்ரோஃபன், மெஃபெனமிக் அசிட், அஸ்பிரின் எல்லாம் ஒரே கூட்டம். வயித்து உள்சுவருக்கு இருக்க பாதுகாப்பக் குறைச்சிரும். "சாப்பிட்டுட்டுத்தானே போடுறேன்"னு சொல்லுவீங்க. சாப்பிட்டுட்டுப் போட்டா குமட்டல் கொறையலாம், புண் வராதுன்னு உறுதி கிடையாது. மருந்து ரத்தத்துல கலந்தும் அந்த வேலயச் செய்யுது, அதனால ஊசியாப் போட்டாலும் அதே கதைதான். வயசானவங்களுக்கு வலியே தெரியாம ரத்தம் கசியலாம், அதுதான் பயம். பெனடோல், அதாவது பரசிட்டமோல், வேற வகை, அளவோட போட்டா இப்படி வயித்தப் புண்ணாக்காது. ஆனா இருதயத்துக்கு கிளினிக்ல அஸ்பிரின் குடுத்திருந்தா, என் பேச்சக் கேட்டு நிறுத்திறாதீங்க. டொக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் எதுவும்.

பால் குடிச்சா ஆறிருமான்னு நெறையப் பேர் கேட்டிருந்தீங்க. குடிச்ச உடனே இதமா இருக்கும், அப்புறம் அமிலம் கூடத்தான் சுரக்கும். சிகரட்டு புண்ண ஆறவிடாது. சாராயமும் கசிப்பும் சொல்லவே வேணாம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுக்குழி வலியில முழிப்பு வந்து, ஒரு பிஸ்கட் சாப்பிட்டா அடங்குதா? அத வெறும் பசின்னு விட்டுறாதீங்க, சிறுகுடல் தொடக்கத்துல இருக்க புண் அப்படித்தான் வலிக்கும். கடையில ஒமெப்ரசோல்னு அமிலத்தக் குறைக்கிற குளிசைய வாங்கி மாசக்கணக்கா போட்டு ஓட்டாம, ஒரு தடவ காட்டிருங்க. மூச்ச ஊதியோ மலத்தக் குடுத்தோ கிருமியக் கண்டுபிடிக்கலாம். வசதி எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்காது, எங்க செய்யலாம்னு டொக்டரே சொல்லுவாங்க. சோதனைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஒமெப்ரசோல நிறுத்தச் சொல்லுவாங்க, இல்லாட்டி கிருமி இருந்தும் இல்லன்னு காட்டிரும். வயித்துக்குள்ள கெமரா விடுறதுன்னா பயப்படுறீங்க. வெரல் மொத்தம்கூட இல்லாத குழாய், தொண்டைய மரக்க வைப்பாங்க, கொஞ்ச நிமிசத்துல முடிஞ்சிரும்.

காரணம் தெரியாம உடம்பு மெலியுது, சாப்பாடு தொண்டையில இறங்க மாட்டேங்குது, வாந்தி நிக்கல, ரத்தம் கொறஞ்சு மேல்மூச்சு வாங்குது, இப்படின்னா அந்த வாரமே போங்க.

சிலதுக்கு விடியிற வரைக்கும்கூட பொறுக்கக் கூடாது. மலம் தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு, கெட்ட நாத்தத்தோட போனா அது உள்ள கசியிற ரத்தம். கர்ப்பிணித் தாய்மார் இரும்புச் சத்துக் குளிசை போட்டாலும் கருக்கும், ஆனா இப்படி ஒட்டாது, சந்தேகம்னா காட்டிருங்க. வாந்தியில ரத்தம், இல்லாட்டி கோப்பித் தூள் மாதிரி வந்தாலும் உடனே போகணும். வெத்தல போடுறவங்க சிவப்பப் பாத்துட்டு வெத்தலச் சாறுன்னு வாயக் கொப்பளிச்சிட்டுப் படுத்துறாங்க, அது வேணவே வேணாம். திடீர்னு தாங்க முடியாத வலி வந்து வயிறு பலகையாட்டம் இறுகினா, புண் ஓட்டையாகியிருக்கலாம். நெஞ்சு அழுத்தி, வேர்த்து, வலி தாடைக்கோ கைக்கோ ஏறுனா அது கேஸ் இல்ல, மாரடைப்பா இருக்கலாம்.

இதுல எது நடந்தாலும் 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்பியூலன்ஸ், காசு கிடையாது. ரோட்டு மோசமான டிவிசன்னா, வண்டி எது வரைக்கும் வரும்னு போன்லயே சொல்லி, ஆள அது வரைக்கும் தூக்கிட்டு வாங்க. போகும்போது தண்ணி, தேத்தண்ணி எதுவும் குடுக்காதீங்க. வீட்டுல போட்டுக்கிட்டிருந்த குளிசை, நாட்டு மருந்து எல்லாத்தையும் ஒரு பேக்ல போட்டுக் கையோட எடுத்துட்டுப் போங்க, பேர் இல்லாத காட்டா இருந்தாலும் சரி.