பக்கத்து வீட்டுக்காரரையும் தேடுங்கள்

பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் கும்பகோணத்தில் வெளியிலிருந்து வந்து வேர்விட்ட குடும்பங்கள் ஏராளம். 16-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் நாயக்கர் ஆட்சி தொடங்கியதும் தெலுங்குக் குடும்பங்கள் வந்தன. 1670-களில் மராட்டியத் தளபதி வெங்கோஜி தஞ்சையைப் பிடித்தபின் மராட்டியர் வந்தார்கள். பட்டு நெய்யும் சௌராஷ்டிரர்களும் இங்கே குடியேறினார்கள்.

இன்று பலரும் முன்னோரைத் தேடுகிறார்கள், சந்தோஷம். ஆனால் அப்பா, தாத்தா, பூட்டன் என்று ஒரே வரிசையில் மேலே போகப் பார்க்கிறோம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் நம்முடையது. சாமிநாதன் மகன் ராமசாமி, ராமசாமி மகன் சாமிநாதன். பழைய தாளில் இருப்பது எந்தச் சாமிநாதன்? பெரும்பாலும் அங்கேதான் தேடல் நின்றுவிடுகிறது.

அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துத் தேடுங்கள் என்கிறேன். ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் தனி ஆளாக வரவில்லை. மாமன், மச்சான், பங்காளி என்று கூட்டமாக வந்து ஒரே தெருவில் குடியிருந்தார்கள்.

வீட்டில் மூலப் பத்திரம் இருந்தால் எடுங்கள். கிரயத் தொகையை விடுங்கள், சொத்து விவரத்துக்குப் போங்கள். ‘இதற்கு நான்கெல்லை: இன்னார் மனைக்குக் கிழக்கு, இன்னார் வீட்டுக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, வீதிக்குத் தெற்கு’ என்றிருக்கும். அந்த இரண்டு பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் விடாதீர்கள். சம்பந்தியோ மைத்துனரோ அதில் இருக்கக்கூடும்.

பத்திரம் தொலைந்துபோயிருந்தாலும் சரி, பதிவான பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தின் ஒன்றாம் புத்தகத்தில் இருக்க வேண்டும். ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் கம்ப்யூட்டர் வில்லங்கச் சான்று அவ்வளவு பழைய வருஷங்களுக்குப் போகாது, மேனுவலாகத்தான் தேட வேண்டும். தேடுகூலி கட்டத் தயங்க வேண்டாம், அது வீண் செலவே அல்ல. தஞ்சை அரண்மனை உத்தியோகம் பார்த்த குடும்பமென்றால் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில், மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் இருக்கும் ஆவணங்களையும் பாருங்கள். ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது.

அப்புறம், அந்தப் பக்கத்து வீட்டு வாரிசுகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்கள் வீட்டுப் பாட்டியிடம் போய் உட்காருங்கள். ‘பிள்ளைகளுக்கு முதல் முடி எங்கே இறக்குவீர்கள் பாட்டி? கல்யாணத்துக்கு முன்னால் எந்தச் சாமிக்குக் காசு முடிந்து வைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் மறந்துபோன குலதெய்வத்தின் ஊர் அவர்கள் வீட்டு வழக்கத்தில் இருக்கலாம். கிடைத்தால், அந்த ஊருக்கே ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பூசாரியைப் பாருங்கள். கும்பகோணத்திலிருந்து முன்பு யாரெல்லாம் வந்துபோவார்கள் என்று அவரிடம் கேளுங்கள்.