எழும்பூரில் ஏறி கொழும்பில் இறங்கிய காலம்

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

'அண்டை நாடுகளும் சுற்றுலாவும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாதான்.

285 ஏக்கர் தீவு. குடியிருப்பு இல்லை, குடிதண்ணீரும் இல்லை. தவக்காலத்தில் இரண்டே நாள், இராமேசுவரத்திலிருந்து ஒரு கூட்டமும் யாழ்ப்பாணப் பக்கமிருந்து ஒரு கூட்டமும் படகில் வந்து இறங்கும். மாலையில் கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர்பவனி, மறுநாள் காலை திருப்பலி. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். (தீவு யாருக்கு என்ற வழக்கை இங்கே இழுக்கவில்லை, அதற்குத் தனியாக ஒரு கூட்டம் போடுங்கள்.) நம்மவர் கைலி என்பார், அவர்கள் சாரம் என்பார்கள். மணலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டும் ஒரே துணிதான்.

ஆனால் 2024-இல் மீனவர்கள் கைதானதைக் கண்டித்து இராமேசுவரத்துக்காரர்கள் அந்தத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். கடலில் வலை அறுந்துகொண்டிருக்கும்போது கரையில் சுற்றுலா மாநாடு நடத்தி என்ன பயன்?

சரி, கப்பலுக்கு வருவோம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' கிளம்பியது. சில நாளிலேயே வடகிழக்குப் பருவமழை வந்து நிறுத்திவிட்டது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' வந்தது. இந்தக் கப்பலில் ஏறுகிறவர்கள் யார் என்று யோசித்தால் போதும், என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயிலுக்குப் போகிறவர், வேளாங்கண்ணிக்கு வருகிறவர், அக்கா மகள் கல்யாணத்துக்குப் பெட்டி நிறையப் புடவையோடு புறப்படுகிறவர். இவர்களுக்குச் சொகுசு அறை வேண்டாம். கப்பல் என்றைக்கு ஓடும், என்றைக்கு ஓடாது என்பது முன்கூட்டியே தெரிந்தால் போதும்.

நம் தாத்தாக்களுக்கு அது தெரிந்திருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கே நீராவிக்கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில். எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பில் இறங்கினார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில், போர் தொடங்கியதும் நின்றுபோனது.

இன்று நாகப்பட்டினத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. காங்கேசன்துறைக்கும் 2015-இலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது. நடுவில் கப்பல். மூன்றுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் அடித்துக் கொடுங்கள் என்றுதான் இரண்டு அரசுகளையும் கேட்கிறேன். வணக்கம்.