ஆறின கஞ்சி பழங்கஞ்சி: மே தின மேடையில் ஓர் அரசு வக்கீல்

மேடையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் ஐயா அவர்களே, தொழிலாளர் இணை ஆணையர் அம்மா அவர்களே, என்னை அழைத்த சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் தோழர்களே, மூன்றாவது வரிசையில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும் என் சீனியர் ஐயா அவர்களே (மஸ்டர் ரோலை, அதாவது தினக்கூலி ஆட்களின் வருகைப் பதிவேட்டை, எப்படிப் படிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், அவரை மேடைக்கு அழைக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்), வெயிலில் பந்தல் போட்ட தம்பிகளே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். இணை ஆணையர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். சமரசப் பேச்சில் இரண்டு தரப்பும் கோபித்துக்கொண்டு எழுந்த பிறகும் டீ வரவழைத்துத் திரும்ப உட்கார வைப்பவர் அவர். அவருடைய மேசையிலேயே முடிந்துபோன தகராறுகள் கோர்ட்டுக்கு வருவதில்லை, அதனால் அந்த உழைப்பு வெளியே தெரிவதும் இல்லை.

1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடிய இரண்டு இடங்களில் ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரை. அவரும் வக்கீல்தான். அதே உயர் நீதிமன்றத்தில்தான் நான் பல வருஷம் அரசுத் தரப்பில் நின்றேன்.

இன்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். அரசு வக்கீல் தொழிலாளர் வழக்கில் என்ன செய்கிறார், அரசு ஏன் தன்னிடம் வேலை பார்த்தவரோடு கடைசிக் கோர்ட் வரை மல்லுக்கட்டுகிறது, புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களால் என்ன மாறுகிறது.

தொழிலாளர் நீதிமன்றத்தில் அரசுத் துறை தோற்றால் வழக்குக் கட்டு எங்களிடம் வரும். கேள்வி ஒன்றுதான்: "மேலே கொண்டுபோக ஃபிட் கேஸா?" 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் அவார்டுக்கு, அதாவது தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்புக்கு, எதிராக அப்பீல் என்று ஒன்று கிடையாது. அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் போட வேண்டும். ரிட்டில் சாட்சியத்தை மறுபடி எடைபோட மாட்டார்கள், பெரிய சட்டப் பிழை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் பாதிக் கட்டுகளுக்கு நேர்மையான பதில் "இல்லை" என்பதுதான். எங்கள் ஊரில் பாட்டி சொல்வாள், ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று. கொடுக்க வேண்டியதைச் சூட்டோடு கொடுத்துவிடுங்கள் என்றுதான் நான் ஒவ்வொரு கருத்துரையிலும் எழுதினேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு துறை அலுவலகத்தில் பதினோரு வருஷம் என்.எம்.ஆர். என்னும் தினக்கூலியில் இரவுக் காவல் பார்த்தவர். ஒருநாள் காலையில் சாவியை ஒப்படைத்தபோது, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாயாலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை நிறுத்துவதென்றால் அந்த 1947ஆம் வருஷத்துச் சட்டத்தின் 25எஃப் பிரிவுப்படி ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டியிருந்தது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஆறரை மாதச் சம்பளம், அவ்வளவுதான். அதைத் தரவில்லை. மஸ்டர் ரோல் மழையில் நனைந்துவிட்டது, அவர் 240 நாள் வேலை பார்க்கவே இல்லை என்று கோர்ட்டில் சொன்னார்கள். அவரோ சாவி ஒப்படைப்பு நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். நாற்பது பக்க நோட்டு, வரிக்கு வரி தேதி, நீல மையில் அவர் கையெழுத்து, பக்கத்தில் சாவி வாங்கிய கிளார்க்கின் சுருக்கொப்பம். பின்சம்பளத்தோடு, அதாவது வேலையில்லாமல் இருந்த காலத்துச் சம்பளத்தோடு, வேலை கொடு என்று அவார்டு வந்தது.

நான் "ஃபிட் கேஸ் இல்லை" என்று எழுதினேன். கட்டு மேலே போனது, திரும்பி வந்தது, ரிட் போடச் சொன்னார்கள். போட்டோம். ஒருநாள் மத்தியானம் அவர் மஞ்சப்பையோடு என் அறை வாசலில் வந்து நிற்கிறார். "ஐயா, அரசு வக்கீல் நீங்கதானே? நான் அரசாங்கத்துல வேலை பார்த்தவன். எனக்காக வாதாடுறது நீங்கதான்னு சொன்னாங்க" என்றார். பையைத் திறக்கப் போனவரைத் தடுத்து, "திறக்காதீங்க பெரியவரே, நான் எதிர்த்தரப்பு, உங்க வக்கீலைப் போய்ப் பாருங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "பதினோரு வருஷம் அரசாங்கத்துக்குத்தானே சாவி கொடுத்தேன், நீங்களும் அரசாங்கம்தானே, நமக்குள்ள என்னங்கய்யா எதிர்த்தரப்பு?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ரிட் தள்ளுபடி ஆனது. அந்த ரிட் தீர்ப்பை எதிர்த்து ரிட் அப்பீல் போட்டார்கள், அதுவும் போனது. இதற்கிடையில் அதே சட்டத்தில் 17பி பிரிவு இருந்தது. மறுபடி வேலை கொடு என்ற அவார்டை எதிர்த்து மேலே போனால், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டியிருந்தது, அவர் வேறு வேலையில் இல்லையென்றால். ஆறரை மாதச் சம்பளத்தில் முடிய வேண்டியதற்கு, வேலையே வாங்காமல் வருஷக்கணக்கில் சம்பளம் கொடுத்தது அரசு. யார் பணம் அது? கடைசியில் வேலைக்கான உத்தரவு கையில் கிடைத்தபோது அவருக்கு அறுபது வயது முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

ஏன் இப்படி? அதிகாரிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. மேலே போய்த் தோற்றவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. போகாமல் விட்டவரைக் கணக்குத் தணிக்கையில் கேட்பார்கள். அந்தப் பயத்தில்தான் கையெழுத்து விழுகிறது. 2010இலேயே மத்திய அரசின் தேசிய வழக்காடல் கொள்கை, அரசு பொறுப்புள்ள வழக்காளியாக நடந்துகொள்ள வேண்டும் என்றது. அது காகிதத்திலேயே நிற்கிறது.

அதனால்தான் இரண்டு வருஷமாக ஒரே கோரிக்கையோடு ஊர் ஊராகப் போகிறேன். அரசு வக்கீல் "வேண்டாம்" என்று எழுதிய தொழிலாளர் வழக்கை மேலே கொண்டுபோக நினைக்கும் அதிகாரி, ஏன் என்ற காரணத்தைத் தன் பெயர், பதவியோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கொண்டுபோகவில்லை என்பதற்காக யாரிடமும் தணிக்கைக் கேள்வி கேட்கக் கூடாது. அவ்வளவுதான், பைசா செலவில்லை. நீதியரசர் ஐயா அவர்கள் இந்தக் கோரிக்கை மனுவில் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவருக்கு என் நன்றி.

புதிய தொகுப்புச் சட்டங்களைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். 29 தொழிலாளர் சட்டங்களை நான்காகச் சுருக்கியிருக்கிறார்கள், தொழிலாளர் நீதிமன்றம் இருந்த இடத்தில் இருவர் உட்காரும் தீர்ப்பாயம் வருகிறது. தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், சரி, அதை இன்னொரு நாள் விரிவாகப் பேசலாம்.

அந்த மனு வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போவதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். அப்புறம் என்றால் மறந்துவிடும்.