பொஸ்பேட் ஒரு சொட்டு கூடினா வடிவமே மாறும்: நூல்கதிர் வடிவ இரும்பு ஒக்சைட்

வணக்கம் உறவுகளே. மேசையில ரெண்டு போத்தல் கிடக்கு. ரெண்டும் கறள் நிறம், ரெண்டும் ஹேமடைட் எண்ட இரும்பு ஒக்சைட்தான். இடப்பக்கத்தைச் சுழட்டினா வெறும் செம்மண் தண்ணி. இப்ப வலப்பக்கம்... பட்டுச்சீலை மாதிரி மினுங்கி ஓடுது, தெரியுதா? உள்ளுக்க இருக்கிற துணிக்கை எல்லாம் நீட்டு, நூல்கதிர் மாதிரி நடு பருத்து முனை கூர். தண்ணி ஓடுற பக்கம் எல்லாம் ஒண்டாத் திரும்புறதாலதான் அந்த மினுக்கம். இடப்பக்கத்தில பொஸ்பேட் போடல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹேமடைட் பளிங்கு வளரேக்க பொஸ்பேட் அதின்ட பக்கவாட்டு முகங்கள்ல ஒட்டிக்கொள்ளும். பக்கம் அடைபட்டா வளர்ச்சி முனைப் பக்கம்தான் போகும். 1984ல ஒசாக்கி, மட்டியெவிச் ஆக்கள் வெளியிட்ட முறை இது.

அளவு: கடைசியா அரை லீற்றர் வரவேணும். பெரிக் குளோரைட் ஹெக்ஸாஹைட்ரேட் 2.70 கிராம், அதாவது 0.02 மோலார். இந்தச் சாமான் நம்மட ஊர் வெக்கையில பெரிய தொல்லை. 37 பாகையில உருகும், வாவிக் காத்தில ஈரத்தையும் குடிக்கும். கட்டி பிசுபிசுத்துக் கிடந்தா நீங்க நிறுக்கிறதில பாதி தண்ணி. காலமையே நிறுத்து, மூடியை உடனே இறுக்குங்க.

பொஸ்பேட் தேவை 0.00045 மோலார். நேரா நிறுத்தா 35 மில்லிகிராம், சாதாரணத் தராசில ஏலாது. அதால சோடியம் டைஹைதரசன் பொஸ்பேட் டைஹைட்ரேட் 1.56 கிராமை 100 மில்லி லீற்றர் ஆக்கி வைச்சு, அதில 2.25 மில்லி லீற்றர் பிப்பெட்டால எடுங்க. கண்ணால பார்த்து ஊத்தாதீங்க. பொஸ்பேட் கூடக் கூட கதிர் மெலிஞ்சு நீளும், ஆனா அளவு மிஞ்சினா ஹேமடைட் உருவாகவே மாட்டுது.

தண்ணி காய்ச்சி வடிச்சதா இருக்கவேணும். உன்னிச்சைக் குழாய்த் தண்ணியோ கிணத்துத் தண்ணியோ கொதிக்க வைச்சும் சரிவராது, கரைஞ்ச உப்பு அதுக்குள்ளயேதான் கிடக்கும்.

400 மில்லி லீற்றரில குளோரைட்டைக் கரைச்சு வடிங்க. மறுகா பொஸ்பேட்டை விட்டு 500க்கு நிரப்புங்க. ஒரு லீற்றர் பொரோசிலிக்கேட் போத்தல்ல ஊத்தி, பாதி வெறுமையா விட்டு, மூடியை இறுக்குங்க. லூசா விட்டா ஆவி போய் செறிவு ஏறும். ஓவன் 100 முதல் 105 பாகை, 48 மணித்தியாலம், ஆட்டக் கூடாது.

முதல் செம்மஞ்சள் கரைசல் கலங்கி கடுகு நிறமாகும். அது ஹேமடைட் இல்ல, அக்ககனைட் எண்ட இன்னொரு இரும்புச் சேர்மத்தின்ட ஊசி. அது கரைஞ்சுதான் செங்கல் நிற ஹேமடைட் வரும். நடுவில கரண்ட் போய் ஓவன் ஆறினா இந்தக் கடுகு நிறத்திலயே நிண்டுடும். திரும்பச் சூடாக்கி, போன நேரத்தைக் கூட்டிக் குடுங்க. மூண்டாம் நாளும் மஞ்சள் எண்டா பொஸ்பேட் கூடிப்போச்சு, இல்லாட்டி ஓவன்ட வெப்பமானி பொய் சொல்லுது.

போத்தல் ஆறினாப் பிறகு திறங்க. உள்ளுக்க பெரிக் குளோரைட்டில இருந்து வந்த ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கு, கையுறை கட்டாயம். சென்ரிபியூஜ்ல போட்டு மேல் தண்ணியை ஊத்தி, நாலைஞ்சு தரம் கழுவுங்க. உப்புப் போகப் போக அடைய மாட்டுது, சுத்துற நேரத்தைக் கூட்டவேணும். ஊத்தின அமிலத் தண்ணிக்கு அப்பச்சோடா போட்டு நுரை நிண்டாப் பிறகுதான் கழிவுக்கு விடுங்க, வாவிக்குள்ள இல்ல. எல்லாம் ஒழுங்காப் போனாலும் வாறது 0.8 கிராமுக்கு மேல இல்ல.

காந்தம் பிடிக்குமா எண்டு கேப்பீங்க. ஹேமடைட்டை மெல்லமாத்தான் பிடிக்கும். ஆனா கதிர் காந்தப் புலத்துக்குக் குறுக்க நிக்கும், புலத்தின்ட வழியா இல்ல. அதின்ட காந்தத் திசை நீள அச்சுக்குச் செங்குத்தான தளத்தில கிடக்கிறதுதான் காரணம். இதையே ஐதரசன்ல சூடாக்கி, காந்தம் நல்லாப் பிடிக்கிற மக்னடைட் எண்ட இரும்பு ஒக்சைட் ஆக்கினா வடிவம் மாறாம புலத்தின்ட வழியே திரும்பும். பழைய கசெட் நாடாவில பூசின ஊசித் துணிக்கையும் இந்த வழியாலதான் வந்தது. ஐதரசன் வேலையை வீட்டில தொடாதீங்க.

காய வைச்சுத் தூளாக்கவும் வேணாம். கட்டி பிடிச்சா திரும்பப் பிரியாது, தூள் மூக்குக்குள்ள போகும். தண்ணிக்குள்ளயே வைச்சு, எடுக்கிற நேரம் சுழட்டி அந்த மினுக்கம் இருக்கா எண்டு பாருங்க.