வாடகைக்கு அரசு பணம் தருமா? பெங்களூரில் வீடு தேடும் ஜோடிகளுக்கு

வணக்கம். பின்னால் கொஞ்சம் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈஜிபுராவில் ஒரு வீடு பார்த்துவிட்டு வரும் வழியில் நின்று பேசுகிறேன்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பல பேர் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "அக்கா, வாடகையில் பாதியை அரசு கட்டுமாமே?"

கட்டாது. 3,000 ரூபாய் இழந்த பிறகுதான் எங்களுக்கே இது தெரிந்தது. பிரதமர் திட்டத்தில் மாதாமாதம் வாடகைப் பணம் வரும் என்று ஒருவர் ஃபாரம் நிரப்பிக் கொடுத்தார். கணவர் இரண்டு நாள் சம்பளத்தை விட்டு அலைந்தார். பி.எம்.ஏ.ஒய். என்கிற அந்தப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் அப்படி ஒரு ஃபாரமே கிடையாது. தயவுசெய்து யாருக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024இல் வந்தது. அதில் வாடகை வீடு என்று ஒரு பிரிவு உண்டு. ஆனால் அது குறைந்த வாடகைக்கு விட வீடு கட்டித் தருவதற்கு. நாம் தனியாரிடம் கட்டும் வாடகைக்கு இல்லை. சொந்த வீடு வாங்கினால் வட்டியில் உதவி உண்டு, அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து தவணையாக. அதற்கு வீட்டின் விலை 35 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஊரில் அப்பா பெயரில் வீடு இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள், இவர்கள் பெயரில் பக்கா வீடு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

சரி, வாடகைக்கு இருப்பவர்களுக்கு உண்மையிலேயே கையில் வருவது எது? கரண்ட் பில். கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டம் 2023இல் வந்தது, வாடகைக்காரர்களுக்கும் உண்டு. பில்லில் இருக்கும் ஆர்.ஆர். நம்பரோடு, அதாவது அந்த வீட்டின் கரண்ட் இணைப்பு எண்ணோடு, நம் ஆதாரைச் சேர்க்க வேண்டும், அந்த வீட்டில் இருப்பதற்கு அக்ரிமெண்ட் போன்ற ஆதாரமும் வேண்டும். அந்த மீட்டரில் முன்பு ஓடிய சராசரியை வைத்துத்தான் எத்தனை யூனிட் இலவசம் என்று கணக்குப் போடுகிறார்கள். 200 யூனிட்டைத் தாண்டினால் அந்த மாதம் முழு பில்லும் நாம்தான் கட்ட வேண்டும்.

இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சில வீடுகளில் தனி மீட்டர் இருக்காது. ஓனர் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனத்தை ஓட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று கையில் வாங்குவார். அப்படியானால் உங்கள் பெயரில் சலுகை வராது. இன்னொன்று, முன்பு இருந்தவர் தன் ஆதாரை விலக்காமல் காலி செய்துவிட்டுப் போயிருப்பார். அதை விலக்க கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் வழி இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஓனரிடம் கேளுங்கள்.

அட்வான்ஸ்தான் என்னை அழ வைக்கிறது. 13,000 வாடகைக்கு 80,000 கேட்கிறார்கள். எங்கள் இருவருக்கும் சேர்த்து மாதம் 29,000 தான் வருகிறது. மத்திய அரசு 2021இல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் மாநிலம் அதை ஏற்றுச் சட்டமாக்கினால்தான் செல்லும். இரண்டு மாதம் என்றால் எங்களுக்கு 26,000. அது எங்களால் முடியும். அரசு நம் வாடகையைக் கட்ட வேண்டாம், இந்த ஒன்றைச் செய்தால் போதும் என்று தோன்றுகிறது.

இன்று பார்த்த வீட்டில் தனி மீட்டர் இருக்கிறது, நானே பார்த்தேன். ஓனரம்மா தமிழ்தான். அட்வான்ஸை இரண்டு தவணையாகத் தரலாமா என்று கேட்டேன், கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நாளை சாயங்காலம் மறுபடி போகிறோம்.