அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை யார் தருவது?

பிரதேச செயலாளர் அவர்களே, வைத்திய அதிகாரி அவர்களே, ஆலய வண்ணக்கர் ஐயா அவர்களே, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் அவர்களே, அருட்தந்தை அவர்களே, முதியோர் சங்கத்து ஐயாமாரே, அம்மாமாரே, வீட்டிலிருக்கும் ஒருவரைப் பக்கத்து வீட்டிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். திருவிழா வேலைக்கு நடுவிலும், கோவிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஐயா வந்திருக்கிறார். மண்டபத்தையும் வாடகை வாங்காமல் தந்திருக்கிறார். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இன்று ஊர் கூடியிருக்கிறது.

மூன்று விடயம் பேசச் சொன்னார்கள்: டிமென்சியா என்கிற மறதி நோய் என்ன, பராமரிப்பவர்களுக்கு யோகாவும் தியானமும் எப்படி உதவும், வீட்டில் செய்யக்கூடிய ஆசனங்கள் எவை. முதலாவதை வைத்திய அதிகாரி அழகாகச் சொல்லிவிட்டார். இது வயதின் சாதாரண மறதி அல்ல, மூளையின் நோய்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். அதனால் தாய்க்கு மறதி வந்தால் பெரும்பாலும் பார்க்கிறவள் மகள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். அவருடைய அம்மா நடுச்சாமத்தில் எழும்பிவிடுவார். "அப்பா வயல் வட்டைக்குள்ள பசியோட நிற்பார், சோறு கட்டு புள்ள" என்பார். அப்பா காலமாகிப் பல வருடம். மகளும் உண்மையைத்தான் சொன்னார்: "அப்பா செத்துப்போனாரே அம்மா." அம்மாவுக்கு அது ஒவ்வொரு முறையும் புதுச் சாவு. குழறி அழுவார். அடுத்த இரவும் அதே சோறு, அதே சாவு, அதே அழுகை. ஒருநாள் மகள் தாங்காமல் அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கிவிட்டு, குசினிக்குள் போய்த் தானும் அழுதிருக்கிறார். இங்கே சிலர் தலையாட்டுகிறீர்கள்.

பிறகு மூச்சுப் பயிற்சி பழகினார். மூக்கால் மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுவது. மறுபடி அம்மா கேட்ட இரவு, கதவடியில் நின்று அப்படி நாலு மூச்சு விட்டார். மறுகா, "சரி அம்மா, கட்டுவம்" என்று பானையில் கிடந்த சோற்றை வாழையிலையில் கட்டி அம்மாவின் கையிலேயே கொடுத்தார். டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் வளவைச் சுற்றி நடந்தார்கள். மாமரத்தடியில் அம்மா நின்றார். பொதியை வைத்தார். "அவர் சாப்பிட்டுட்டார், வா படுப்பம்" என்றார். அன்று இருவரும் விடியும்வரை தூங்கினார்கள்!

அம்மாவின் நோய் அப்படியேதான் இருக்கிறது. கோபம் கைக்கு வருமுன் மகளுக்கு ஓர் இடைவெளி கிடைத்தது.

அமெரிக்காவில் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தார் 2013இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். டிமென்சியா உள்ளவர்களைப் பராமரித்த குடும்பத்தவர் 39 பேர். ஒரு பிரிவினர் தினமும் 12 நிமிடம், 8 வாரம், கீர்த்தன் கிரியா என்ற தியானம் செய்தார்கள். சா, தா, நா, மா என்று சொல்லிக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகப் பெருவிரலில் தொடுவது. மற்றவர்கள் அதே அளவு நேரம் இசை கேட்டு ஓய்வெடுத்தார்கள். தியானம் செய்தவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்திருந்தது.

நல்லது. ஆனால் அந்த 12 நிமிடம் அம்மாவை யார் பார்ப்பது? கண்ணை மூடித் திறப்பதற்குள் அவர் படலையைத் திறந்து வாவிக்கரைக்குப் போய்விடுவாரே! ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஒரு மகளை மட்டும் வடம் பிடிக்க விட்டுவிட்டு, மூச்சை நன்றாக இழு என்று சொல்வது நியாயமா? பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்று இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்கிற பிள்ளைக்குக் கைகொடுப்பது யார்?

அதனால்தான் போகிற மேடையெல்லாம் கேட்கிறேன்: ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு பகல் பராமரிப்பு நிலையம் வேண்டும். கிழமையில் இரண்டு நாள், அரைநாள் போதும். பழகிய இருவர், பூட்டக்கூடிய வாசல், நிழலான வளவு. கட்டடம் புதிதாகக் கட்டத் தேவையில்லை. இந்த மண்டபம் கிழமை நாட்களில் சும்மாதானே கிடக்கிறது? வண்ணக்கர் ஐயா மனம் வைத்தால் இங்கேயே தொடங்கலாம்.

ஆசனங்களுக்கு நேரம் போதவில்லை. கூட்டம் முடிய யோகா ஆசிரியை காட்டித் தருவார். இந்தக் கோரிக்கையை எழுதிய மகஜர் வாசல் மேசையில் இருக்கிறது. பெயரையும் கிராம உத்தியோகத்தர் பிரிவையும் எழுதிக் கையொப்பம் இடுங்கள். பிரதேச செயலாளர் அவர்கள் புறப்படுமுன் அவர் கையில் கொடுக்கப் போகிறோம். நன்றி, வணக்கம்.