பேண்டுக்காரர்களுக்குப் பகலில் என்ன வேலை?

(வேலூரில் ஒரு வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். என்னைக் கூப்பிட்டவர் "பேண்டு வாத்தியத்தோட வரலாறு பத்திப் பேசுங்க சார்" என்றார். வரலாறு கொஞ்சம்தான் வரும். தபால் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே யூஃபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழலை ஊதியவன் நான். எனக்கு நன்றாகத் தெரிந்தது பக்கத்தில் நின்று ஊதுகிற ஆட்களைத்தான்.

சிவப்புச் சட்டையும் ஜரிகைத் தொப்பியும் மாட்டிவிட்டால் நாங்கள் எல்லோரும் ஒரே ஆள் மாதிரி ஆகிவிடுவோம். 'பேண்டுக்காரங்க', அதோடு சரி. ஒரு மண்டபத்தில் கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு பின்கட்டில் எங்களுக்கு இலை போட்டார்கள். ரசம்கூடத் தீர்ந்திருந்தது. சரி, அது பழைய கதை. எங்கள் செட்டில் பேண்டை நம்பிப் பிழைக்கிறவர் ஒருவரும் இல்லை. பிழைக்கவும் முடியாது, ஆடி, மார்கழியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? ஆளாளுக்குப் பகலில் ஒரு தொழில் உண்டு. யார் எந்த வாத்தியம் எடுப்பது என்பதையும் பாதி நேரம் அந்தத் தொழில்தான் முடிவு செய்கிறது.

எங்கள் டிராம்போன்காரரைச் சொல்கிறேன். ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில் வேலை. முதலில் அவர் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தார், அதுவும் நன்றாக. ஒரு நாள் மெஷினில் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. டிரம்பெட்டில் விரலால் அழுத்துகிற மூன்று வால்வு. நடு வால்வை அழுத்தினால் அரைச் சுரம் இறங்கும், முதல் வால்வு ஒரு சுரம், மூன்றாவது ஒன்றரை. மாற்றி மாற்றி அழுத்த விரல் வேண்டுமே! மனிதர் ஆறு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

எங்கள் மாஸ்டர் பட்டாளத்து பேண்டில் இருந்து வந்தவர். கம்மவான்பேட்டைக்காரர், ராணுவப்பேட்டை என்று சொல்வார்களே, அதே ஊர். அவர் ஒரு பழைய டிராம்போனை எடுத்துப்போய் இவர் கட்டில்மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டார். டிராம்போனில் வால்வே கிடையாது. குழாயை முன்னும் பின்னும் இழுக்கவேண்டியதுதான். குழாய் நீள நீளச் சுரம் இறங்கும். அதற்குக் கையும் மணிக்கட்டும் போதும். மறுவாரம் இவர் வந்து, "இதுல நோட்டு எங்க கீதுன்னே தெரியலையே மாஸ்டர்" என்றார். "உன் காதுல கீதுபா" என்றார் அவர்.

அந்த மாஸ்டரும் வயதான காலத்தில் டிரம்பெட்டை விட்டார். முன்பல் ஆடிப்போயிற்று. டிரம்பெட்டின் மவுத்பீஸ் சின்னது. உதட்டைப் பல்லோடு சேர்த்து அழுத்தும். பல் போனால் மேல் சுரம் போயிற்று. டூபா என்கிற ரொம்பப் பெரிய குழலின் மவுத்பீஸ் அகலமானது, அதில் சமாளித்தார்.

கிளாரினெட்காரர் பீடி சுற்றுகிறவர். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அவர் இலை மடிப்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்த விரல்களுக்கு ஏன் கிளாரினெட் என்று சொல்ல வேண்டியதில்லை. அது பித்தளை வாத்தியமே இல்லையே என்பீர்கள். சாக்ஸஃபோனைப் பித்தளையில் செய்தாலும் ரீடு என்கிற நாணல் பட்டை வைத்து ஊதுவதால் மர வாத்தியக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். நம் ஊர் செட்டில் அந்த ஜாதி பார்ப்பதில்லை.

இங்கிலாந்திலும் இப்படித்தான். யார்க்ஷயரில் பிளாக் டைக் மில்ஸ் என்ற நெசவாலையின் பெயரிலேயே 1855 முதல் ஒரு பேண்டு இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்களும் பேண்டு வைத்திருந்தார்கள். அங்கே ஒரு நல்ல ஏற்பாடு. டிரம்பெட்டின் தம்பி மாதிரியான கார்னெட் முதல் டூபா வரை ஏறக்குறைய எல்லா வாத்தியத்துக்கும் ஒரே முறையில் நோட்டு எழுதுவார்கள். தாளில் அதே குறி, வால்வில் அதே விரல். பேஸ் டிராம்போன் மட்டும் விலக்கு. அதனால் ஒரு வாத்தியத்துக்கு ஆள் இல்லையென்றால் இன்னொருவர் அதை எடுத்து ஊதிவிடலாம். எங்களிடம் தாளும் இல்லை, அந்த வசதியும் இல்லை. கார்னெட்காரருக்குக் காட்பாடியில் ரயில்வே வேலை. அவருக்கு நைட் டியூட்டி விழுந்தால் அன்றைக்கு மெட்டைப் பாதி நானும் பாதி கிளாரினெட்டுமாகப் பங்கு போட்டுக்கொள்வோம். கேட்கிறவர்கள் கண்டுபிடிப்பதில்லை. சைடு டிரம் பையன் மட்டும் சிரிப்பான். பாலிடெக்னிக்கில் படிக்கிறான், அவனுக்கு எல்லாமே சிரிப்புதான்.

அப்புறம் எங்கள் பெரிய டிரம்காரர். நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அத்தனை பெரிய டிரம்மை மார்பில் மாட்டிக்கொண்டு கோட்டை முனையிலிருந்து ஊர்வலம் முழுக்க நடக்க வேறு யாருக்குத் தோள் இருக்கிறது? வெங்காய லாரி இன்றைக்கு லேட்டாம், இப்போதுதான் போன் செய்தார். வந்ததும் வாசிக்க ஆரம்பித்துவிடுவோம். அதுவரைக்கும் யாராவது ஒரு டீ சொல்லுங்கள்.